ஐந்து கிலோ கூட

முள் ஐம்பதில் போய் நின்றது.

மூட்டையை இறக்கச் சொல்லி, மறுபடி ஏற்றச் சொன்னேன். மறுபடியும் ஐம்பது.

வீட்டில் நானே எடை போட்டு, சாக்கின் மேல் கரியால் 45 என்று எழுதிக் கொண்டுவந்திருந்தேன். காய்ந்த கொக்கோ கொட்டை வழியில் எடை குறையலாம். கூடியதாகக் கேள்விப்பட்டதே இல்லை.

குனிந்து தராசின் அடியில் பார்த்தேன். மச்சானின் கால் எங்கே இருக்கிறது என்றும் பார்த்தேன். அது பாட்டுக்குத் தரையில்தான் இருந்தது.

மச்சான் என் மனைவியின் தம்பி. கூட்டுறவுச் சங்கத்தில் எடை போடுவது அவன்தான். நாங்கள் பேசி நாலு வருஷம் ஆகிறது. என் கொட்டையை வாங்கும் வியாபாரி என்னை எடையில் ஏமாற்றுகிறான் என்று ஒருநாள் என் வீட்டிலேயே உட்கார்ந்து, என் சோற்றைத் தின்றுகொண்டே சொன்னான். பாதிச் சாப்பாட்டில் எழுந்து போகச் சொல்லிவிட்டேன்.

பின்னே? வியாபாரி போடும் எடையும் என் வீட்டுத் தராசின் எடையும் ஒன்பது வருஷத்தில் அரைக் கிலோ மாறியதில்லை. அப்படிப்பட்ட மனிதரைத் திருடன் என்றால் யாருக்குத்தான் கோபம் வராது?

இன்றைக்கு வந்ததுகூட மனைவியின் நச்சரிப்பு தாங்காமல்தான். ஒரே ஒரு மூட்டை போட்டுப் பாருங்கள், அதிலும் குறை கண்டால் இனி என் தம்பி பேச்சையே எடுக்க மாட்டேன் என்றாள். சொல்லும்போது அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை.

சங்கம் வந்த பிறகு ஊரில் குடிதண்ணீர்க் குழாய் வந்தது. கொட்டை காயப்போடக் கூரை வைத்த களம் வந்தது. மருந்தகம்கூட வந்துவிட்டது. எங்கேயோ சாக்லேட் செய்கிறவர்கள் கொட்டைக்கு நியாய விலையும் கொடுத்து, அதற்கு மேல் ஊருக்கென்று தனியாக வேறு கொடுக்கிறார்களாம். நியாய விலை என்றாலே எனக்கு வரிசையில் நின்று கால் கடுத்ததுதான் ஞாபகம் வரும். தவிர, கேட்காமல் கொடுக்கிறவனை நான் நம்புவதே கிடையாது.

அந்த மருந்தகத்து நர்ஸ் என்னை மெஷினில் ஏற்றி, எழுபது கிலோ இருக்கிறீர்கள், உடம்பைக் குறையுங்கள் என்றாள். என் வீட்டுத் தராசில் நான் அறுபத்துமூன்று. சங்கத்து ஆட்களுக்கு எதையும் கூட்டிச் சொல்லித்தான் பழக்கம் என்று தெருவெல்லாம் சொல்லிச் சிரித்தேன். தெருவும் சேர்ந்து சிரித்தது.

இப்போது என் மூட்டைக்கு ஐந்து கிலோ கூட. முதலில் அள்ளிக் கொடுப்பார்கள். உறுப்பினர் படிவத்தில் கையெழுத்து விழுந்ததும் வட்டியும் முதலுமாகப் பிடுங்கிக்கொள்வார்கள். எனக்கா தெரியாது?

மச்சான் மூலையிலிருந்து ஒரு இரும்பு எடைக்கல்லைத் தூக்கி வந்தான். இருபது கிலோ, முத்திரை குத்தியது. சந்தேகப்படுகிறவர் வீட்டுக்கு எடுத்துப்போவதற்கென்றே சங்கத்தில் தனியாக ஒரு கல் வைத்திருக்கிறார்கள். என்னைப்போல் இன்னும் நாலு பேர் இருப்பார்கள் போலிருக்கிறது.

"எந்தத் தராசுல வேணும்னாலும் வெச்சுப் பாருங்க மாமா."

நாலு வருஷம் கழித்து மாமா என்கிறான். அதையும் சந்தேகப்பட்டேன்.

அவர்கள் தராசில் கல் சரியாக இருபது காட்டியது. அவர்கள் கல், அவர்கள் தராசு. காட்டாமல் என்ன செய்யும்? முத்திரையை நகத்தால் சுரண்டிப் பார்த்துவிட்டு, கல்லை சைக்கிளில் கட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

என் தராசு முன்னறை ஜன்னலுக்குக் கீழே, துணி உறைக்குள் இருக்கும். எங்கள் தெருவில் பதினோரு வீடும் வியாபாரிக்குப் போடும் முன்னால் இதில்தான் எடை பார்க்கும். இரவல் கொடுத்தே எனக்கு ஊரில் ஒரு மரியாதை உண்டு.

உறையைக் கழற்றி, கல்லை வைத்தேன்.

பதினெட்டு.

தட்டைத் துடைத்தேன். தராசைச் சமமான இடத்துக்கு நகர்த்தினேன். முள்ளுக்கு மேலிருந்த கண்ணாடியை விரலால் தட்டினேன்.

பதினெட்டு.

நர்ஸின் முகம் ஏனோ நினைவுக்கு வந்தது.

மனைவி சமையலறை வாசலில் ஈரக் கையோடு நின்று முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை.

ஒன்பது வருஷத்துக்கு முன் நாங்கள் இந்த வீட்டுக்குக் குடிவந்த அன்று, வியாபாரி தன் தோளிலேயே சுமந்துவந்து அந்த ஜன்னலுக்குக் கீழே இறக்கிய தராசு அது. நாங்கள் கேட்கவேயில்லை.

வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டது. பக்கத்து வீட்டுக்காரர், தோளில் மூட்டையோடு.

"அண்ணே, தராசு கொஞ்சம் வேணுமே. சங்கத்து எடைய நம்பாதேன்னு நீங்கதானே சொன்னீங்க."

கல்லைத் தூக்கிக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடலாமா என்று எனக்குத் தோன்றியது. அப்படித் தோன்றியதைச் சொல்லவே இப்போது வெட்கமாக இருக்கிறது. கையைக்கூடக் கொண்டுபோய்விட்டேன்.

அதற்குள் என் மனைவி கதவை அகலத் திறந்துவிட்டாள்.