மறுபூசை

சந்தனக் கிண்ணத்தோடு அவள் நின்றுவிட்டாள்.

பின்னால் வந்தவர்களும் நின்றார்கள். பொரித் தட்டும் குங்குமச் சிமிழும் கற்பூரமும் அவர்களோடு நின்றன.

எதிரே அது இருந்தது. ஆள் உயரம். சாம்பல் நிறம். ஏவுகணையின் தலையில் பொருத்துகிற கூம்பு. அணுகுண்டு அதற்குள்தான் போகும். இன்னும் போகவில்லை. இப்போதைக்கு உள்ளே வெறும் காற்று.

போன வருஷ ஆயுத பூசைக்கு இது இங்கே இல்லை.

இந்த ஆய்வுக்கூடத்தில் பொட்டு வைப்பது பதினோரு வருஷமாக அவள் வேலை. யாரும் உத்தரவு போட்டுக் கொடுத்ததல்ல. சேர்ந்த வருஷம் யாரோ கிண்ணத்தைக் கையில் திணித்தார்கள், ஒட்டிக்கொண்டது. லேத்துக்கு வைப்பாள். ஜீப்புக்கு வைப்பாள். வாசல் காவலரின் துப்பாக்கிக்கு ஒன்று. காபி இயந்திரத்துக்கும் மறக்காமல் ஒன்று வைப்பாள். இந்த அலுவலகத்தில் ஓய்வில்லாமல் உழைப்பது அது ஒன்றுதான்.

சற்று முன்னால் லேத்துக்கு வைக்கும்போது தேவசகாயம் சொன்னார். லேத்தை ஓட்டுகிறவர். ஞாயிறு தவறாமல் மாதா கோவிலுக்குப் போகிறவர்தான். ஆனால் ஆயுத பூசையில் அவரைப் போல முறை பார்க்கிற ஆள் இங்கே கிடையாது.

"நாளைக்கு வந்து இரும்புல ஒரே ஒரு இழை சீவிட்டுப் போயிருவேன் மேடம். பூசையில வச்சத மறுநாள் எடுக்காம விடக் கூடாது."

வருஷா வருஷம் சொல்வதுதான். அவளும் வருஷா வருஷம் தலையாட்டுவாள். விஜயதசமியன்று மறுபூசை போட்டு, வைத்ததை எடுத்து, கொஞ்சமாவது வேலை செய்ய வேண்டும். பேனா என்றால் ஒரு வரி. அரிவாள் என்றால் ஒரு வெட்டு.

அந்தப் பேச்சு காதில் இருக்கும்போதே இந்தக் கூம்பின் முன்னால் வந்து சேர்ந்துவிட்டாள்.

"வைங்கம்மா," என்றார் இயக்குநர் சபாநாயகம். மாற்றலாகி வந்து இரண்டு மாதம்தான் ஆகிறது. நெற்றி நிறைய விபூதி. நல்ல மனிதர். சர்க்கரையில் எறும்பு மொய்த்தால் வெயிலில் வைத்து, கடைசி எறும்பும் இறங்கிப் போன பிறகுதான் காபியில் போடுவாராம்.

அவள் விரல் சந்தனத்திலேயே இருந்தது.

"பூசையில வச்சா, நாளைக்கு இத எடுக்கணுமே சார்."

பின்னால் யாரோ சிரித்தார்கள். கூடச் சிரிக்க ஆள் இல்லாமல் நிறுத்திக்கொண்டார்கள்.

"எடுக்காம இருக்கத்தானேம்மா செஞ்சிருக்கோம்," என்றார் சபாநாயகம்.

"அப்போ பொட்டு எதுக்கு சார்?"

அவருக்குக் கோபம் வரவில்லை. கிண்ணத்தை வாங்கிக்கொண்டார். மூன்று விரலால் பட்டை இழுத்து, நடுவில் குங்குமம் வைத்தார். நன்றாகவே வைத்தார்.

வைத்ததும் அதற்கு ஒரு முகம் வந்துவிட்டது.



மறுநாள் விடுமுறைதான். ஆனாலும் மறுபூசைக்கென்று ஒரு மணி நேரம் எல்லாரும் வந்திருந்தார்கள்.

தேவசகாயம் ஒரு இழை சீவினார். ஜீப் வளாகத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தது. காவலர் துப்பாக்கியைக் கழற்றித் துடைத்து மாட்டினார்.

கூம்பின் பக்கம் யாரும் போகவில்லை. சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது. வேறு பக்கம் பார்த்துக்கொண்டே எல்லாரும் அதைக் கடந்தார்கள்.

அவள் தன் மேசைக்கு வந்து உட்கார்ந்தாள்.

அவளுடைய கணினியிலும் சந்தனம் இருந்தது. நேற்று அவளே வைத்தது. அதற்கு வைக்கும்போது மட்டும் கை ஏன் நிற்கவில்லை என்று இப்போதுதான் தோன்றியது.

அவள் தொழில் வட்டம் போடுவது. ஓர் ஊரின் பெயரைக் கொடுத்தால் போதும், கணினி அதன்மேல் மூன்று வட்டங்கள் வரையும். அங்கே குண்டு விழுந்தால் ஒவ்வொரு வட்டத்திலும் எத்தனை பேர் சிக்குவார்கள் என்று சொல்லும். முதல் வட்டத்துக்காரர்களுக்கு வலி தெரியாது. இதை இங்கே ஆறுதலாகச் சொல்லிக்கொள்வார்கள். மூன்றாவது வட்டத்தைப் பற்றிச் சாப்பாட்டு வேளையில் பேச மாட்டார்கள்.

ஊர்ப் பெயர்கள் மேலிடத்திலிருந்து ஒட்டிய உறையில் வரும். அவள் கால் வைத்திராத ஊர்கள். சொல்லிப் பார்த்தால் வாயில் நுழையாத பெயர்கள். தட்டுவாள், எண்ணிக்கையை எழுதுவாள், டிபன் பாக்ஸைத் திறப்பாள்.

கொஞ்ச நாளாக அப்படி இருக்க முடியவில்லை. கீரை வாங்கப் போனால், பேருந்து நிலையத்திலிருந்து கீரைக்காரி உட்கார்ந்திருக்கும் இடம் எவ்வளவு தூரம் என்று மனசு அளக்கிறது. பள்ளிக்கூட வாசலில் மகளை இறக்கிவிடும்போதும் அளக்கிறது. இரண்டாவது வட்டம். மகள் கையசைத்துவிட்டு உள்ளே ஓடுவாள். இவளுக்கு வண்டியை நகர்த்தக் கை வராது.

சபாநாயகம் கையில் சுண்டல் பொட்டலத்தோடு ஒவ்வொரு மேசையாக வந்துகொண்டிருந்தார். அவள் மேசைக்கும் வந்தார். நேற்றைய பேச்சை அவர் மனசில் வைத்துக்கொண்ட மாதிரியே தெரியவில்லை.

"நீங்க மட்டும்தான் பாக்கி. நல்ல நாளும் அதுவுமா ஒண்ணு ஓட்டிருங்கம்மா."

முறை என்றால் முறைதான். அவள் கணினியைத் திறந்தாள்.

ஊரின் பெயர் என்ன என்று திரை கேட்டது.

"இன்னிக்கு உறை வரல சார்."

"அதனால என்ன, ஏதாவது ஒரு ஊர் போடுங்க. சும்மா சாஸ்திரத்துக்குத்தானே?"

அவள் விரல்களை விசைகளின் மேல் வைத்துக்கொண்டு அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"சாருக்குச் சொந்த ஊர் எது?"

ரயிலில் பக்கத்து இருக்கைக்காரர் கேட்டாலும் யோசிக்காமல் சொல்லிவிடுகிற பதில். அவரும் சொல்லத்தான் வாயைத் திறந்தார்.

திரையைப் பார்த்தார். அவள் விரல்களைப் பார்த்தார்.

கையிலிருந்த பொட்டலம் சரிந்து, சுண்டல் ஒவ்வொன்றாகத் தரையில் விழுந்தது. அவர் ஊர்ப் பெயரைச் சொல்லவில்லை.