இருவருக்கு ஒரு சஹன்

காத்தான்குடி வீட்டின் குசினித் தரையில் பகல் வெயில் கட்டமாக விழுந்திருக்கிறது. அங்கேயே தங்கி வேலை செய்யும் யோகமலர் தன் சாப்பாட்டுக் கோப்பையை முறைக்கிறாள்: பாதிக்கு முருங்கையிலை வறை, ஒரு மீன் துண்டு, ஒரே கரண்டி சிவப்பரிசிச் சோறு. கிளினிக்கில் அவளுக்குச் சீனி வருத்தம் என்று சொன்ன நாளிலிருந்து இதுதான். நோயைச் சாட்டித் தன் சோற்றைக் குறைத்துவிட்டு, வீட்டுக்காரி ஸுல்பிகா பிறகு வயிறு நிறையத் தின்கிறாள் என்றே அவள் நினைக்கிறாள். "இலைய முதல்ல தின்னு புள்ள, சோத்துச் சீனி மெதுவா ஏறும்," என்கிறாள் ஸுல்பிகா. "பசி மட்டும் கெதியா ஏறுது ராத்தா." ஸுல்பிகா சிரித்துக்கொண்டே, விருந்தில் பலர் சுற்றியிருந்து உண்ணும் பெரிய சஹன் தட்டை எடுக்கிறாள். யோகமலரின் கோப்பையை அதில் ஒரு பக்கம் கவிழ்த்து, மறுபக்கம் தனக்கும் அதே அளவு போட்டு, எதிரே அமர்கிறாள். சஹனில் அவரவர் முன்னால் இருப்பதைத்தான் அவரவர் தின்பது. கூடினாலும் குறைந்தாலும் எதிரில் இருப்பவருக்குத் தெரியும். யோகமலரின் கண் அடுப்பிலிருக்கும் சோற்றுப் பானைக்குப் போகிறது. "போய்த் திறந்து பாரன்," என்கிறாள் ஸுல்பிகா. யோகமலர் உண்மையாகவே எழுந்துபோய்த் திறக்கிறாள். அடியில் ஒட்டிய சில சிவப்புப் பருக்கைகள்தான். திரும்பி வந்து உட்கார்ந்து, ஸுல்பிகா ஒரு பிடி இலையை மென்று விழுங்கும்வரை பார்த்திருந்துவிட்டு, தன் பக்கம் இருக்கும் இலையில் கை வைக்கிறாள்.