தோல்முட்டை

ஆம்லெட் போட, அடுப்படிக் கிண்ணத்தில் கிடந்த முட்டையை எடுத்த கோழிப்பண்ணைக்காரர் கைலாசம் பதறிப்போனார். முட்டைக்கு ஓடே இல்லை. பலூன் போல மெத்தென்று இருந்தது. அடுத்ததும் அப்படியே.

போன வாரம்தான் பண்ணையில் தீவனத்தை மாற்றியிருந்தார். உடனே கால்நடை டாக்டருக்குப் போன் போட்டார்.

"டாக்டருங்களா? நம்ம கோழிக தோல்முட்டை போடுதுங்க! சுண்ணாம்புச் சத்துப் பத்தலையாட்டம் இருக்குதுங்க. முட்டை லாரி வேற வார நேரமுங்க!"

"முட்டை உப்பலா, கண்ணாடியாட்டம் இருக்குதுங்களா?"

"ஆமாங்க!"

"புளிச்ச வாடை அடிக்குதுங்களா?"

மோந்து பார்த்தார். "அடிக்குதுங்க. என்ன சீக்குங்க?"

"உங்க ஊட்டுல நாலாவது படிக்கிற புள்ளை இருக்குதுங்களா?"

"பொண்ணு இருக்காளுங்க. ஐயோ, அவளுக்கும் தொத்திக்குமுங்களா?"

டாக்டர் பெருமூச்சு விட்டார்.

"எம் சம்சாரம் எங்க ஊட்டுல நாலாவது படிக்கிற புள்ளைங்களுக்கு அறிவியல் சொல்லித் தாராளுங்க. முட்டையை வினிகர்ல ஊறவச்சா ஓடு கரைஞ்சுபோகும், ஊட்டுல செஞ்சு பாருங்கன்னு அனுப்பியிருக்கா. காலையிலிருந்து மல்லசமுத்திரத்துப் பண்ணைக்காரங்க பூராப் பேரும் எனக்குத்தான் போன் போடறாங்க!"

கைலாசத்துக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "அடுத்த வாரம் என்னங்க பாடம்?"

"எலுமிச்சம்பழம் பிழிஞ்சு பாலைத் திரிய வைக்கறதுங்க. மாடு வச்சிருக்கறவங்களுக்கெல்லாம் இப்பவே சொல்லிப்போடணும்!"