அந்தியூருக்கு நாலு கிலோமீட்டர்

அந்தியூர்ச் சந்தைக்குக் குதிரை ஏற்றிப் போகிற வண்டியின் பின்சக்கரம் காற்றிறங்கி, தார்ரோட்டில் படபடவென்று அடித்துக்கொண்டே உருள்கிறது. தெய்வாத்தாள், வண்டி ஓட்டும் புருசன் நஞ்சுண்டன் பக்கத்தில் உட்கார்ந்து, நொடிக்கொருதரம் பின்னால் திரும்பிப் பார்க்கிறாள். ஆடிக்காற்றில் ரப்பர் கருகும் நாற்றம் உள்ளே வருகிறது. வண்டி சாயும்போதெல்லாம் வெள்ளைக் குதிரை கால்களை அகட்டி ஊன்றுகிறது. “நிறுத்துங்க மாமா. வண்டி கவுந்துபோச்சுன்னா அதுக்குக் கால் முறிஞ்சுபோயிரும்.” நஞ்சுண்டன் ரோட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “இன்னம் நாலு கிலோமீட்டருதான் அம்மணி. பன்னெண்டு மணி தாண்டுனா, இத வாங்கறேன்னு சொன்ன தாராபுரத்துக்காரரு வேற குதிரைய வாங்கிப்போடுவாரு.” சொல்லி முடிப்பதற்குள் ஸ்டியரிங் அவன் பிடியை மீறி இழுக்கிறது. எதிரே பஸ் ஹாரனை அடித்தபடி ஒதுங்கிப் போகிறது. சக்கரத்தின் இரும்பு தாரில் உரசிக் கிறீச்சிட, பின்னால் குதிரை பலகையை எட்டி உதைக்கிறது. அவன் வேகத்தைக் குறைத்து, புளியமரத்தடியில் ஓரங்கட்டுகிறான். டயர் நார்நாராகத் தொங்குகிறது. இரும்பிலிருந்து புகை கிளம்புகிறது. அவன் அதையே வெறித்து நிற்கிறான். தெய்வாத்தாள் பலகையைச் சாய்த்து, நடுங்கும் குதிரையை அடிமேல் அடி வைத்து இறக்கி, நான்கு கால்களையும் தடவிப் பார்க்கிறாள். பிறகு கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்கிறாள். “நீங்க வண்டியப் பாத்துட்டு வாங்க மாமா. நாங்க நடக்கறோம்.”