இறங்காதை

"இறங்காதை, நான் வாறன்" என்று பிரகலாதன் அண்ணை கைத்தொலைபேசியில் கத்தினார். மறுமுனை அதற்குள் நின்றுவிட்டது.

எங்கள் பக்கத்தில் தீயணைப்பு நிலையத்து இலக்கத்தை யார் தேடுகிறார்கள்? அங்கே வேலை செய்கிற தெரிந்த ஆளைத்தான் அழைப்பார்கள்.

அச்சுவேலிப் பக்கம் ஒரு வெங்காயத் தோட்டம். கிணற்றில் தண்ணீர் வற்றிக் கிடக்க, இறைக்கிற மெசினையே உள்ளே இறக்கி ஓடவிட்டிருக்கிறார்கள். அதன் புகையில் தோட்டக்காரர் மயங்கி விழுந்துவிட்டார். அவரைத் தூக்கப்போவதாகச் சொல்லிவிட்டு, அழைத்தவனும் இறங்கிவிட்டான்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எல்லாம் அந்தப் பழைய அமெரிக்கத் தொடர் படுத்தும் பாடு. நிலையத்துத் தொலைக்காட்சியில் பின்னேரங்களில் நாங்களும்தான் பார்ப்போம். அதில் வரும் தீயணைப்பு வீரன் கண்ணை மூடிக்கொண்டு குதிப்பான், ஆளைத் தூக்குவான், தலைமயிர்கூடக் கலையாது. எங்களோடு வந்திருந்து பார்க்கும் ஜெயதீபன் கைதட்டுவான். காற்று முகமூடி எங்கே என்று அண்ணை திரையைப் பார்த்து ஏசுவார்.

கிணற்றுக்குள் இறங்கிய மடையன் யார் என்று வண்டியில் கேட்டேன். அண்ணை அழைப்பு வந்த இலக்கத்தையே திரும்பத் திரும்ப அழுத்திக்கொண்டிருந்தார்.

கிணற்றடியில் ஒரே சனம். அண்ணை காற்றுச் சிலிண்டரை முதுகில் மாட்டினார். முகமூடியின் வாரை இழுத்தார், சரிவரவில்லை, கழற்றித் திரும்பவும் இறுக்கினார். தோட்டக்காரரின் மனைவி அவர் கையைப் பிடித்து உலுக்கினாள்.

"உன்ரை தம்பி உள்ளுக்கை கிடந்தா இப்பிடி நிண்டு வார் கட்டுவியோ?"

அவர் கையை விடுவித்துக்கொண்டார். வாரைச் சரிபார்த்துவிட்டு இறங்கினார்.

கயிறு என் கையில் இருந்தது. முதலில் தோட்டக்காரர் வந்தார், மூச்சு இருந்தது. மூச்சு இருக்கிறவரைத்தான் முதலில் ஏற்ற வேண்டும், அதுதான் எங்கள் முறை. அவரை ஏற்றி முடியும்வரை கீழே அண்ணையின் ரோச் வெளிச்சம் மற்ற ஆளின் மேலேயே நின்றது.

அடுத்தவனையும் தூக்கிக் கிடத்தினோம். முகமெல்லாம் சேறு. துணி தேடித் துடைக்க அவகாசமில்லை, கையாலேயே வழித்தேன்.

ஐயோ, ஜெயதீபன். அண்ணையின் கூடப்பிறந்த தம்பி.

தோட்டக்காரரின் மனைவிக்கு யாரோ அதைச் சொன்னார்கள். அவள் வாயைப் பொத்திக்கொண்டு நிலத்தில் இருந்துவிட்டாள்.

அண்ணை மேலே வந்தார். முகமூடியைக் கழற்றாமலே முழங்காலில் நின்று தம்பியின் நெஞ்சை அமுக்கத் தொடங்கினார். ஒவ்வொரு அமுக்கலுக்கும் முகமூடிக்குள்ளிருந்து அவர் குரல் கேட்டது.

"இறங்காதை எண்டு சொன்னனானெல்லேடா."