நூற்று நாற்பது டிகிரி

"ரெண்டையும் சேத்து மாத்தக் கூடாது பூமிகா. ஒண்ண அப்டியே நிறுத்தி வெச்சிக்கினு, இன்னொண்ண மட்டும் நவுத்தணும். பகுதி வகையீடுன்னா அவ்ளோதான்."

சொல்லிக்கொண்டே ஜோஷ்வா, வரைபடம் போடும் அந்தக் கால்குலேட்டரை அவள் பக்கம் தள்ளினான். அதைக் கையில் வைத்திருக்க அவனால் முடியவில்லை. தேய்ந்த பொத்தான்களில் விமலின் விரல்தான் தெரிந்தது.

கும்மிடிப்பூண்டி ரசாயனத் தொழிற்சாலையில் விமலுக்கும் அவனுக்கும் ஒரே ஷிப்ட். சூட்டைக் கவனிப்பது விமல், அழுத்தத்தைக் கவனிப்பது ஜோஷ்வா. நான்கு மாதத்துக்கு முன் ரசாயனக் கலன் வெடித்ததில் விமல் போய்விட்டான். சூடு ஏறியதை அவன் கவனிக்கவில்லை என்று, ஜோஷ்வா சொன்னதை வைத்து விசாரணையை முடித்தார்கள்.

அதன் பிறகு ஜோஷ்வாவுக்குச் சோறு இறங்குவதில்லை. கண்ட்ரோல் ரூமில் தனியாக உட்கார்ந்தால், பக்கத்துக் காலி நாற்காலியிலிருந்து பொத்தான் தட்டும் சத்தம் கேட்கிறது.

அப்படி இருக்கையில்தான் விமலின் தங்கை பூமிகா ஆரம்பாக்கத்திலிருந்து ரயிலேறி வந்து, "கணக்கு சொல்லிக்குடுங்கண்ணா" என்று வாசலில் நின்றாள். விமலுக்கு இதையாவது செய்வோம் என்று ஒப்புக்கொண்டான். இது நாலாவது ஞாயிற்றுக்கிழமை.

"சிலபஸ் எடுத்தாரச் சொன்னேனே, இன்னா ஆச்சு?"

"அது எதுக்குண்ணா? இது ஒண்ணு புரிஞ்சா போதும்." பூமிகா கால்குலேட்டரை உயிர்ப்பித்தாள். "இந்த சூத்திரம் அண்ணன் போட்டு வெச்சது. எக்ஸ் சூடு, ஒய் பிரஷர். விடைதான் கலனுக்குள்ள நடக்கற ரியாக்‌ஷனோட வேகம். சரியாண்ணா?"

ஜோஷ்வா தலையாட்டினான். "ம்."

"சூட்ட நூத்தி நாப்பதுல நிறுத்திக்கிறேன்."

"ஏன் நூத்தி நாப்பது?"

"அன்னிக்கு அண்ணன் கால் மணிக்கு ஒருதபா நோட்டுல குறிச்சிக்கினே இருந்திருக்குது. கடைசி வரி வரைக்கும் நூத்தி நாப்பதுதான். நோட்டு அதோட சாப்பாட்டுப் பையில இருந்திச்சி."

அவள் அழுத்தத்தை மட்டும் ஏற்றினாள். சின்னத் திரையில் கோடு கொஞ்ச தூரம் படுத்துக் கிடந்தது. பிறகு செங்குத்தாக எழுந்தது.

ஜோஷ்வாவின் வலது கை தானாக மடங்கியது. அன்று, சீக்கிரம் வேலை முடியட்டும் என்று அழுத்தம் ஏற்றும் வால்வை இன்னும் இரண்டு சுற்றுத் திறந்த கை அது. "வேணாண்டா" என்றபடி விமல் அந்த வால்வை மூடத்தான் ஓடினான்.

ஜோஷ்வா உள்ளங்கையால் திரையை மூடினான். "போதும்மா. இதெல்லாம் உனுக்குப் பரீட்சையில வராது."

பூமிகா அவன் கையை மெல்ல விலக்கினாள்.

"நான் படிக்கிறது தமிழ் இலக்கியம்ணா."