ஏரிக்கு ஏற்ற தூண்டில்

"மேடம், அந்தத் தூண்டிலைக் கொஞ்சம் கீழே வைக்கறீங்களா? அது எனக்கு வேணும்."

சொன்ன பிறகு அரவிந்தனுக்கே வெட்கமாகிவிட்டது. குழந்தை பொம்மைக்கு அடம்பிடிப்பது போல் இருந்தது. ஆனால் வேறு வழியில்லை. அம்பத்தூர் ஓ.டி. பக்கத்தில் இருந்த அந்த மீன்பிடி சாமான் கடையை விட்டால் அவனுக்குப் போக்கிடம் கிடையாது.

தூண்டிலைப் பிடித்திருந்த பெண்ணுக்கு முப்பது வயது இருக்கும். பிடியைத் தளர்த்தவில்லை.

"நான்தான் சார் முதல்ல எடுத்தேன்."

கடைக்காரர் வேம்புலி சமாதானத்துக்கு வந்தார். "இன்னாத்துக்கு சண்ட? அதான் ரெண்டு கீதே. ஆளுக்கு ஒண்ணு எடுத்துக்கினு போங்க. ரெண்டுலயும் மீனுதான் மாட்டும்."

"ரெண்டும் ஒண்ணு இல்லைங்க" என்றாள் அந்தப் பெண். "அது ஏழரை அடி, நூலோட கனம் மூணாம் நம்பர். சின்ன ஓடைக்குத்தான் ஆகும். ஏரியில காத்து அடிக்கும், தூரமா வீசணும். மலை ஏரியில இருக்கிற ட்ரௌட் மீனைப் புதுசா பிடிக்கப் பழகறவங்களுக்கு இந்த ஒன்பது அடி, ஆறாம் நம்பர்தான் சரி. நூலும் மிதக்கிற நூல்."

அவள் பாடம் ஒப்பிப்பது போல் சொன்ன அத்தனையையும் அரவிந்தனும் யூடியூபில் பார்த்திருந்தான். பூச்சி மாதிரி செய்த முள்ளைத் தண்ணீரின் மேல் வீச வேண்டுமாம். ஈயக்குண்டு கிடையாதாம். நூலின் கனம்தான் அதைக் கொண்டுபோய்ச் சேர்க்குமாம். பார்க்கப் பார்க்க அவனுக்குப் பயம்தான் கூடியது.

"இன்னொண்ணு எப்ப வரும்ணே?"

"ஆர்டர் போட்டா பத்து நாளு ஆவும் நைனா. கொரட்டூர் ஏரியில ஜிலேபி மீனு புடிக்கிறவன் இத்தையா வாங்குவான்? எவனோ கேட்டான்னு எடுத்தாந்தேன், அவன் வாங்காம பூட்டான்."

பத்து நாளா? நாளை ராத்திரி ரயில்! அரவிந்தன் மானத்தை மூட்டை கட்டி வைத்தான்.

"மேடம், தயவு பண்ணி விட்டுக் குடுங்க. என் கல்யாணமே இதுல மாட்டியிருக்கு."

"தூண்டிலுக்கும் கல்யாணத்துக்கும் என்ன சார் சம்பந்தம்?"

"எல்லாம் தரகர் பண்ண வேலைங்க. ஆபீஸ்ல ஊட்டிக்கு டூர் போனப்ப, யாரோ ஒருத்தரோட தூண்டிலை வாங்கி, தொப்பி, கறுப்புக் கண்ணாடி எல்லாம் போட்டுக்கிட்டு ஒரு போட்டோ எடுத்தேன். தரகர் அதைத்தான் பொண்ணு வீட்டுக்கு அனுப்பியிருக்கார். பொண்ணோட அப்பா திருநின்றவூர்ல ரிட்டயர்ட் வாத்தியார். அவருக்கும் ட்ரௌட் பிடிக்கறதுன்னா உயிராம். அவர் வீசினா நூல் காத்துல கோலம் போடுமாம்!"

அந்தப் பெண் ஏதோ சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டாள்.

"ஞாயித்துக்கிழமை ஊட்டியில, அவங்க பெரியம்மா வீட்ல பொண்ணு பார்க்கறோம். மறுநாள் காலையில மாமனாரும் மாப்பிள்ளையும் ஏரிக்குப் போறதா தரகரே முடிவு பண்ணிட்டார். அவர் முன்னாடி இந்த ஓடைத் தூண்டிலோட போய் நின்னா, பார்த்ததுமே என் வண்டவாளம் தெரிஞ்சிடும்."

"எனக்குத் தெரியாதுன்னு இப்பவே சொல்லிட வேண்டியதுதானே?"

"எப்படிங்க சொல்றது? அவருக்குப் பொய் மட்டும் ஆகவே ஆகாதுன்னு தரகர் சொல்றார். போட்டோவே பொய்னு தெரிஞ்சா என் வேலை, சம்பளம் எல்லாத்தையும் சந்தேகப்பட மாட்டாரா?"

"அவ்வளவு பிடிச்சிருக்கா, பொண்ணை?"

அரவிந்தன் கையிலிருந்த ஹெல்மெட்டைப் பார்த்துக்கொண்டு பேசினான். "ஒரே ஒரு தடவை போன்ல பேசினோம். ஏற்கெனவே ஆறு இடம் பார்த்தாச்சு. எல்லாரும் சம்பளம் கேட்டாங்க, ஃப்ளாட் எத்தனை பெட்ரூம்னு கேட்டாங்க. பவ்யா மட்டும்தான், 'நைட் ஷிப்ட்னு சொன்னாங்களே, பகல்லயாவது ஒழுங்கா தூங்கறீங்களா?'ன்னு கேட்டாங்க. இந்த இடம் தட்டிப் போனா என்னால தாங்க முடியாதுங்க."

வேம்புலிகூட நூல்கண்டை அடுக்குவதை நிறுத்திவிட்டு அவனையே பார்த்தார்.

அந்தப் பெண் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். உதட்டைக் கடித்துக்கொண்டாள். பிறகு ஒன்பது அடித் தூண்டிலை அவன் கையில் கொடுத்துவிட்டாள்.

"எடுத்துக்கோங்க."

"இன்னாமா இது!" வேம்புலி வாயைப் பிளந்தார். "ரெண்டு நாளா எடுத்து வையி, எடுத்து வையின்னு போன் மேல போன் போட்டுகினு இருந்தியே. இப்ப தூக்கிக் குட்துட்ட?"

"பரவாயில்லைங்க. அவருக்குத்தான் ரொம்ப அவசரம்."

அரவிந்தனுக்குக் கண் கலங்கிவிட்டது. கையெடுத்துக் கும்பிட்டான். "ரொம்ப நன்றிங்க. வீட்டுக்காரருக்கு வாங்க வந்தீங்களா? அவர் கோவிச்சுக்க மாட்டாரே?"

"வீட்டுக்காரருக்கு இல்லை. ஆனா கேட்டவர் நிச்சயமா கோவிச்சுக்க மாட்டார். நீங்க தைரியமா போயிட்டு வாங்க."

அவள் வேகமாக வெளியே வந்தாள். ஸ்கூட்டரை நிறுத்தியிருந்த இடத்துக்கு வந்ததும் கடையை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, போனை எடுத்துப் பேசினாள்.

"அப்பா, நான் எழிலரசி பேசறேன். பிரஷர் மாத்திரை போட்டுக்கிட்டீங்களா? தூண்டில் வாங்கலை, இனிமே அது தேவையும் இல்லை. ஒரு வாரமா மொட்டை மாடியில கொடிக்கயித்தை வீசி வீசிப் பழகறீங்களே, அதையும் நிறுத்திட்டு நிம்மதியா தூங்குங்க. நம்ம பவ்யாவைப் பார்க்க வர்ற மாப்பிள்ளைக்கும் மீன் பிடிக்கத் தெரியாதாம்!"